ரேவல்காரர்கள்

செமோர், பேராக்
9 பிப்ரவரி 2025

சாந்தினிக்கு,

நீ மூன்று முறை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கத்தியிருப்பேன். எழுதினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இன்று ஞாயிறு. பட்டறையில் ஒரு லாரிகூட இல்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கடைசி ஞாயிறு பத்திரிகையில் வந்த உன் கட்டுரையைப் படித்தேன். இப்ராஹிம் அண்ணன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, நம்ம சாந்தினி படம் வந்திருக்குலா" என்று அவர்தான் விரித்துக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே வாங்கினேன். இரண்டாவது பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ரேவல் என்பது பால்டிக் கடலோரத்து வணிக நகரம் ஒன்றுக்கு ஜெர்மன்காரர்கள் வழங்கிய பெயர். அந்த ஊர்த் துரை ஒருவன் நூறு வருஷத்துக்கு முன்னால் செமோரில் காட்டை அழித்து ரப்பர் பால்மரம் நட்டபோது, தன் ஊர்ப் பெயரையே தோட்டத்துக்கு வைத்துவிட்டான். அந்த ஊர்க்காரர்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தாலின் என்று தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். நாம் மட்டும் எஜமான் வைத்த பெயரை இன்னும் பள்ளிக்கூடத்தின் நெற்றியில் ஒட்டி வைத்திருக்கிறோம். இதுதானே நீ எழுதியது? நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தப் பள்ளியின் மேலாளர் வாரியத்துக்கு உன் அண்ணன்தான் தலைவன். எழுதுவதற்கு முன்னால் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. தோட்டம் இருந்த இடத்தில் வீடு கட்டும் நிறுவனம் தன் தாமான் குடியிருப்புக்கு ரிவியேரா என்று பெயர் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தை உள்ளே புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அதோடு பெயரையும் 'ரிவியேரா தமிழ்ப்பள்ளி' என்று மாற்றிக்கொண்டால் குளிர்சாதன மண்டபம் ஒன்று கட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். வாரியத்தில் ஒன்பது பேர். ஏழு பேர் முடியாது என்றார்கள். உன் கட்டுரை வந்த மறுநாள் செயலாளர் அர்ச்சுனன் பத்திரிகையோடு வந்தான். "அண்ணே, உங்க தங்கச்சியே சொல்லிட்டா. வெள்ளக்காரன் வச்ச பேருக்காக மண்டபத்தை ஏன்லா வுடணும்?" என்றான். இப்போது ஏழு நான்காகிவிட்டது.

நிறுவனம் உன் கட்டுரையை மலாயில் மொழிபெயர்த்து மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பிவிட்டது. ஏப்ரல் 23ஆம் தேதி ஈப்போவில் விசாரணை. உன் கட்டுரைக்கு எதிராக நான் நின்று பேச வேண்டும்.

தனேஸ்வரன்


தாலின்
25 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

கடிதத்தின் கடைசியில் எப்போதும் 'அண்ணன்' என்றுதான் எழுதுவீர்கள். இந்த முறை 'தனேஸ்வரன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

ரிவியேரா பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கட்டுரையை நிறுத்தி வைத்திருப்பேன். அது என் தப்பு. ஆனால் எழுதிய விஷயம் தப்பில்லை. ஒரு மண்டபத்துக்காகப் பெயரை விற்கும்படி நான் எங்கும் எழுதவில்லை. நாமே தமிழில் நல்ல பெயராக ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்றுதான் எழுதினேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்தத் துறைமுகத்தில் கிரேன் மின்பொறியாளராக வேலைக்கு வந்த முதல் வாரம், பழைய நகரத்தில் ஒரு காப்பிக் கடைப் பலகையில் 'ரேவல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். கால் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போய், பரிமாறிய பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன், எங்கள் ஊர்ப் பெயரும் இதுதான் என்று. அவள் முகம் மாறியது. "ஜெர்மன் பிரபுக்கள் எங்களை ஆண்ட காலத்துப் பெயர் அது. சுற்றுலாக்காரர்களுக்காக முதலாளி வைத்திருக்கிறார். என் அம்மாவுக்கு இந்தப் பலகையே பிடிக்காது" என்றாள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். கட்டுரை அன்றைக்கே மனதில் ஆரம்பித்துவிட்டது.

நேற்று இவர்களுடைய சுதந்திர தினம். சூரியன் எழும்போது கோட்டைக் கோபுரத்தில் கொடி ஏற்றினார்கள். அந்தக் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்று பாடினார்கள். நானும் நின்றேன். 1918இல் விடுதலை வாங்கியபோதே ரேவலை விட்டுத் தாலினைப் பிடித்துக்கொண்டவர்கள். எவ்வளவு கம்பீரமாக நின்றார்கள் தெரியுமா? நம் ஆட்களும் ஒருநாள் இப்படி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது குற்றமா?

வரைபடத்தில் தேடிப் பாருங்கள், அண்ணே. ரேவல் என்று ஊரே இல்லை. செத்துப்போன பெயரைக் கட்டிக்கொண்டு ஏன் மல்லுக்கு நிற்கிறீர்கள்?

சாந்தினி


செமோர்
16 மார்ச் 2025

சாந்தினிக்கு,

வரைபடத்தில் தேடினேன். நீ சொன்னது சரிதான். இல்லை.

பிறகு பள்ளிக்கூட அலமாரியில் தேடினேன். புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோகப் பழைய கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 1974ஆம் வருஷத்து மனு ஒன்று கிடைத்தது. அப்போது இருந்த மேனேஜர் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு உரக் கிடங்கு வைக்கப் பார்த்தானாம். பால் வெட்டும் பெண்கள் பதினொரு நாள் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள். நீயும் நானும் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அம்மா ஒரு நாளும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மனுவின் அடியில் அறுபத்திரண்டு பெருவிரல் ரேகை. பதினேழாவது ரேகைக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயர்.

மேலே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'ரேவல் தோட்டத்துத் தாய்மார்கள் ஆகிய நாங்கள்.'

எஜமான் வைத்த பெயர் என்கிறாய். எஜமானை எதிர்த்து எழுதும்போது அவர்கள் தங்களை அந்தப் பெயரால்தான் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினொரு நாள் பட்டினி கிடந்து அந்தப் பெயரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

உன் ஊர்க்காரர்கள் கம்பீரமாக நின்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். நம் ஆட்கள் இனிமேல்தான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறாயே, அதுதான் சுடுகிறது.

தனேஸ்வரன்


தாலின்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் ரேகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லீனா காரணம் கேட்டாள். என் வயதுதான் அவளுக்கும், இந்த ஊரிலேயே பிறந்தவள். மதியச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சூப்பை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உனக்கு யார் சொன்னது அது ஜெர்மன்காரன் உண்டாக்கிய பெயர் என்று? அவன் கப்பலில் வருவதற்கு முன்னாலேயே இந்தக் கரைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர் ரேவலா. அவன் அதன் வாலை நறுக்கித் தன் நகரத்துக்கு வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்."

அப்படியானால் தாலின் என்று கேட்டேன்.

"டேனிஷ்காரர்களின் ஊர் என்றுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம் சொல்கிறார்கள். எங்களைப் பிடித்து ஆண்ட இன்னொரு கூட்டம். அதனால் என்ன? நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுடையதாகிவிட்டது."

மாலையில் நூலகத்துக்குப் போய்ச் சரிபார்த்தேன். அவள் சொன்னதுதான் புத்தகங்களிலும் இருக்கிறது. எஜமானின் பெயர் என்று நான் காறித் துப்பியது இந்த மண்ணின் ஆட்களுடைய பெயராக இருந்திருக்கிறது. விடுதலையின் பெயர் என்று நான் கொண்டாடியதில் வேறொரு எஜமானின் முத்திரை. ஒரே கட்டுரையில் இரண்டையும் தலைகீழாக எழுதியிருக்கிறேன். ஒரு காப்பிக் கடையில் ஒரு பெண் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் நிரப்பிவிட்டேன்.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பட்டுமா? விசாரணைக்கு முன்னால் வந்துவிட்டால் உங்களுக்கு உதவும். உங்களைக் கேட்காமல் இனி ஒரு வரியும் அனுப்ப மாட்டேன்.

கடைசி வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எப்போதோ நின்றுவிட்டார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

தங்கை
சாந்தினி


செமோர்
26 ஏப்ரல் 2025

சாந்தினிக்கு,

உன் கடிதம் 19ஆம் தேதிதான் கைக்கு வந்தது. திருத்தத்துக்கு நேரம் இல்லை. இருந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

எட்டு மணிக்கே இலாகா வாசலில் கூட்டம். யாரையும் நான் வரச் சொல்லவில்லை. செமோர், தைப்பிங், பத்து காஜா என்று சிதறிப் போனவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எப்படியும் நூற்றைம்பது பேர் இருக்கும். இப்ராஹிம் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு இரண்டு பெரிய பாத்திரத்தில் டீ கொண்டுவந்தார். "எங்க வாப்பா ரேவல் தோட்டத்துல கடை வச்சவரு. நான் வராம யாரு வருவா?" என்றார். உள்ளே பத்துப் பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வெளியே மரத்தடியில் நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை.

விசாரித்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. நிதானமானவர். நிறுவனத்தின் மேலாளர் முதலில் பேசினார். நல்ல மாதிரியான ஆள்தான், பொய் சொல்லவில்லை. தோட்டம் இப்போது இல்லை, தாமான்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் நல்லது என்றார். பிறகு உன் கட்டுரையின் மலாய் மொழிபெயர்ப்பை எடுத்து முழுக்க வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "இது வெளியாள் எழுதியது இல்லை. தலைவரின் சொந்தத் தங்கை" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்து மலாயில் சொன்னேன். "ஆமாம் புவான், என் தங்கைதான். எங்க ஸ்கூல்ல ஆறு வருஷம் படிச்சவ. இன்னைக்கு ஐரோப்பாவுல துறைமுகத்துல கிரேனுக்குக் கரண்டு வேலை பாக்குறா. தோட்டத்துப் புள்ளைங்களுக்கு இப்படி எழுத வருமான்னு கேட்டவங்களுக்கு இந்தக் கட்டுரையைத்தான் காட்டணும். ஆனா மொழிபெயர்ப்புல ஒரு வரி விட்டுப்போயிருக்கு. அதையும் வாசிக்கணும்."

என் பையில் அசல் பத்திரிகை இருந்தது. ஆமாம், வெட்டி வைத்திருந்தேன். உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் படம் வந்த பக்கத்தை யார் எறிவார்கள்? அதை எடுத்து அர்ச்சுனன் கையில் கொடுத்தேன். மண்டபம் வேண்டும் என்று பேசியவன் அவன்தானே, அவனே வாசிக்கட்டும் என்று. கட்டுரைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை அவன் முதலில் தமிழில் வாசித்தான். 'சாந்தினி, ரேவல் தோட்டத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவி.' பிறகு அதிகாரிக்கு மலாயில் சொன்னான். "இந்தப் பேரு வேணாம்னு எழுதுன புள்ளையும், தான் யாருன்னு சொல்ல இந்தப் பேரைத்தான் போட்டிருக்கு, புவான்" என்று அவனாகவே சேர்த்துக்கொண்டான்.

அதன் பிறகு மனுவைக் காட்டினேன். அதிகாரி அந்த ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் விரல் காகிதத்தைத் தொடவில்லை, மேலாகவே நகர்ந்தது.

அடுத்து இருளாயி அக்கா. ஈப்போவில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை செய்கிறாரே, அவர்தான். பிறப்புப் பத்திரத்தை மேசையில் வைத்தார். "பொறந்த இடம்னு போட்டிருக்கிற எடத்தைப் படிங்க, புவான். ரேவல் தோட்டம். நான் பொறந்த வீடு இல்ல, ரோடு இல்ல, மரமும் இல்ல. எங்க பொறந்தேன்னு எம் பேத்தி கேட்டா கையைக் காட்ட அந்த ஸ்கூல் போர்டு ஒண்ணுதான் இருக்கு. அதுல வேற பேர எழுதிட்டா நான் எங்கலா பொறந்தேன்?" என்றார். அழவில்லை. சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்டார்.

கடைசியில் அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். "இந்த ரேவல் உண்மையில் எங்கே இருக்கிறது?"

நீ எழுதியது எல்லாம் அப்போது எனக்குக் கைகொடுத்தது. முதல் கடிதத்தில் குத்திக் காட்ட எழுதியதும், இரண்டாவதில் லீனா சொன்னதும். "புவான், பால்டிக் கடல்கிட்ட ஒரு பழைய வணிக நகரம் இருக்கு. அந்த மண்ணுக்காரங்க வச்ச பேரை ஜெர்மன்காரங்க எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஊர்க்காரங்க வேற பேருக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு அது வேணாம். மேப்புல தேடினேன், ஊருன்னு ஒண்ணும் கெடைக்கல. ஆனா வெளிய மரத்தடியில நூத்தம்பது பேரு நிக்கிறாங்க. அவங்களக் கேட்டா ரேவல்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. உண்மையான ரேவல் எங்க இருக்குன்னா, இப்ப அது செமோர்லதான் இருக்கு" என்றேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். முடிவைக் கடிதத்தில் சொல்வதாகச் சொன்னார்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னோம். யாரும் கை தட்டவில்லை. நேராக நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நீ பார்த்திருக்க வேண்டும்.

திருத்தம் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், சபை நடுவில் என் தங்கையைத் தலைநிமிர்ந்து என் தங்கை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நீ பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டு நிற்பதை நான் பார்க்க மாட்டேன்.

அண்ணன்


தாலின்
14 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைக் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு படித்தேன். முப்பது மீட்டர் உயரம். கடல் காற்றில் பக்கங்கள் படபடத்தன. இருளாயி அக்கா கேட்டதைப் படித்த பிறகு கீழே இறங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அந்தப் பொடி எழுத்து வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்கள் என்னை எப்படிக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தார்கள். மின்பொறியாளர், தாலின் என்று போடட்டுமா என்றார்கள். வேண்டாம் என்று நான்தான் அந்தப் பொடி எழுத்து வரியை எழுதி அனுப்பினேன். அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கட்டுரையை மூன்று வாரம் யோசித்து எழுதினேன். அதில் அத்தனையும் கோணல். யோசிக்காமல் எழுதிய ஒரு வரிதான் நேராக இருந்திருக்கிறது.

நீங்கள் சொன்னதற்காக மன்னிப்பு எழுதவில்லை. ஆனால் தப்பான தகவலை அப்படியே விடவும் முடியாது. அதனால் வேறொன்று எழுதியிருக்கிறேன். 1974இல் பதினொரு நாள் நடந்ததைப் பற்றி. நடுவில் ஒரு பத்தியில், என் முந்தைய கட்டுரையில் வரலாறு பிழையாக இருந்தது என்று ஒரே வாக்கியம். தலை குனிந்து எழுதவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு நீங்கள் சரி என்றால்தான் அனுப்புவேன். அறுபத்திரண்டு பேரின் பெயரும் அதில் வர வேண்டும். மனுவைப் பார்த்து எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்புங்கள்.

தங்கை
சாந்தினி


செமோர்
20 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

கட்டுரை போன ஞாயிறு வந்தது. அறுபத்திரண்டு பெயரும் வந்திருக்கின்றன. இப்ராஹிம் அண்ணன் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். ஆட்கள் வந்து தங்கள் வீட்டுப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் டீ கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை இலாகாவின் கடிதமும் வந்துவிட்டது. பெயர் மாறாது. புதுக் கட்டடத்திலும் அதே ரேவல் தோட்டத் தமிழ்ப்பள்ளிதான். வாரியத்தில் மறுபடி கை தூக்கச் சொன்னேன். ஒன்பது கையும் மேலே போயின. அர்ச்சுனன் கைதான் முதலில்.

மண்டபம் கிடையாது. பரவாயில்லை. கூரை போட்டுக் கொட்டகை ஒன்று நாங்களே எழுப்பிக்கொள்கிறோம். இரும்பு வேலை என் பட்டறையில் நடக்கிறது. தைப்பிங்கிலிருந்து இரண்டு ரேவல்காரர்கள் வெல்டிங்குக்கு வந்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு புதுத் தகராறு. பெயர்ப் பலகை எழுதுகிறவர் வந்து நிற்கிறார், தமிழில் எப்படி எழுதுவது என்று. ரகரத்தில் சொல் தொடங்கக் கூடாது, இலக்கணப்படி 'இரேவல்' என்று எழுத வேண்டும் என்கிறார் துளசி டீச்சர். ஜெர்மன் உச்சரிப்புப்படி 'ரேவால்' என்று எங்கோ படித்ததாக அர்ச்சுனன் சொல்கிறான். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. நீதான் அந்த ஊரிலேயே இருக்கிறாயே. அங்கே கேட்டு எது சரி என்று எழுது. பலகைக்காரர் காத்திருக்கிறார்.

அண்ணன்


தாலின்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

திறப்பு விழாவுக்கு விடுப்பு வாங்கிவிட்டேன். தேதி மட்டும் சொல்லுங்கள்.

பலகை விஷயமாக லீனாவைக் கேட்கலாம் என்று வாய் திறந்தேன். பிறகு கேட்கவில்லை. இங்கே அதை எப்படிச் சொன்னார்கள் என்பது இவர்கள் சங்கதி. துளசி டீச்சரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இலக்கணமும் இந்த ஒரு முறை கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எந்த ஊர் என்று கேட்டபோது அம்மா எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். ரேவல். மூன்றே எழுத்து. பெரிய ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தாமலே படிக்கிற மாதிரி பெரிதாக இருக்கட்டும்.

தங்கை
சாந்தினி